கத்தரிப்பூ நிறம் தெரியாத படம்

ஜூன் 1

மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கும் படத்தை இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 1913 ஜூன் 4, இங்கிலாந்தின் எப்சம் மைதானம், டெர்பி பந்தயம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் குதிரை ஆன்மர் விழுந்து கிடக்கிறது. அதை ஓட்டிவந்த ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்ஸும் தரையில். குறுக்கே வந்த எமிலி டேவிசனும் தரையில். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஒன்பது முறை கைதானவர் அவர். உண்ணாவிரதம் இருந்ததற்காக 49 முறை குழாய் சொருகி வயிற்றுக்குள் உணவு இறக்கினார்கள்.

தடுப்புக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தொப்பிகள். அந்தக் கூட்டம்தான் என்னை எப்போதும் பிடித்து நிறுத்தும். பலர் ஓடிப்போன குதிரைகள் பக்கமே திரும்பியிருப்பதாக என் கண்ணுக்குப் படுகிறது. மன்னன் வீட்டுக் குதிரை, மண்ணில் ஒரு பெண், பந்தயத்தை விட்டுக் கண்ணெடுக்காத ஊர். இதற்கு மேல் என்ன குறியீடு வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஜூன் 2

மகள் காபியோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கூட்டத்தைக் காட்டி நான் சொல்வதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விழுந்ததே அவங்களுக்கு இன்னும் தெரியலையோ என்னவோம்மா" என்றாள்.

அது ராத்திரி முழுக்க மனசில் ஓடியது.

ஜூன் 3

சரி, பார்த்துவிடுவோம் என்று அன்றைய செய்திப்படத்தைத் தேடிப் போட்டேன். டாட்டனம் கார்னர் வளைவில் முன்னால் வந்த குதிரைகள் கடந்துவிடுகின்றன. தடுப்புக்கு அடியில் குனிந்து ஓர் உருவம் ஓடுதளத்துக்குள் வருகிறது. ஆன்மருக்கு நேரே கை தூக்குகிறது. மோதல். நான் பார்க்க வேண்டியிருந்தது அதற்கு அப்புறம் வருவதை. மனிதர்கள் தடுப்பைத் தாண்டி ஓடி வருகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடுதளம் ஆட்களால் நிரம்புகிறது.

அப்படியானால் படத்தில் நான் கண்ட அலட்சியம் கேமரா கண் சிமிட்டிய நேரத்துக்கு மட்டும் உரியது. கண்ணால் கண்டது புத்தியில் ஏறுவதற்கு முன்னால் அந்த முகங்கள் பதிவாகிவிட்டன. அந்த ஜனங்கள்மேல் நான் பழி போட்டது தப்பு. அவர்களில் சிலர் அடுத்த நொடி ஓடி வந்திருப்பார்கள்.

'சாகத் துணிந்து போனார்' என்று இந்தப் படத்துக்குக் கீழே எழுதுவதையும் இனி யோசித்துத்தான் செய்ய வேண்டும். அவரிடம் இருந்தது ஊர் திரும்புவதற்கும் சேர்த்து எடுத்த ரயில் ரிட்டர்ன் டிக்கெட். பந்தய நாளில் அப்படித்தான் டிக்கெட் விற்பார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. ஒரு துண்டுச் சீட்டை வைத்து ஒரு மனசைப் படிக்க முடியாது, இரண்டு பக்கத்துக்குமே இதைச் சொல்வேன்.

ஜூன் 4

அந்த நாள்.

டேவிசன் தன் ஓட்டுரிமை இயக்கத்தின் கொடிகள் இரண்டைத் தன்னுடன் வைத்திருந்தார். நிறம்: ஊதா, வெள்ளை, பச்சை. நம் வழக்கில் கத்தரிப்பூ கலர் என்போமே, அந்த ஊதா. போராடும் ஒவ்வொரு பெண்ணின் நரம்பிலும் ஓடும் ராஜ ரத்தத்துக்கு அடையாளம் அது என்று இயக்கத்தின் எமலின் பெத்திக்-லாரன்ஸ் விளக்கம் சொல்லியிருந்தார்.

அரச குடும்பத்து ஜாக்கிகளின் சட்டையும் ஊதாதான்! தங்கச் சரிகை, சிவப்புக் கை, கறுப்பு வெல்வெட் தொப்பி. ஆக, மன்னருக்கு எதிராக ஓடியவரிடமும் மன்னருக்காக ஓட்டியவரிடமும் ஒரே நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டுமே சாம்பல். உண்மையான குறியீடு இருப்பது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. இத்தனை வருடம் பார்த்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 6

வேலை. படத்தின் பக்கம் போகவில்லை.

ஜூன் 8

நான்கு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து, எப்சம் மருத்துவமனையில் டேவிசன் இறந்தது இன்றைய தேதியில். மார்பெத் ஊரில் உள்ள கல்லறையில் 'சொல் அல்ல, செயல்' என்று பொறித்திருக்கிறார்கள்.

ஆன்மர் எழுந்து, ஆளில்லாமலே மீதித் தூரத்தை ஓடி முடித்தது. ஜோன்ஸ் தலையில் அடியோடு பிழைத்தார். என்னுடைய பழைய வாசிப்பில் அவர் மன்னரின் ஆள், அவ்வளவுதான். 1928இல் இயக்கத் தலைவி எமலின் பாங்க்ஹர்ஸ்ட் இறந்தபோது அதே ஜோன்ஸ் மலர்வளையம் கொண்டுபோனார். பாங்க்ஹர்ஸ்டின் நினைவுக்கும் எமிலி டேவிசனின் நினைவுக்கும் மரியாதை என்று அதில் எழுதியிருந்தது.

பூதக்கண்ணாடியை இன்று ஜோன்ஸ் மேல் வைத்தேன். சட்டை சாம்பல் நிறத்தில் கசங்கித் தெரிகிறது.