மூன்றாம் நாள் தைமெக்டமி: சறுக்கும் இடங்கள்

தைமெக்டமி என்றால் மார்பிலுள்ள தைமஸ் என்ற நோயெதிர்ப்பு உறுப்பை எடுத்துவிடுவது. சுண்டெலிக் குட்டிக்கு 3-ஆம் நாளில் இதைச் செய்தால், அதன் நோயெதிர்ப்பு சொந்தச் சூலகத்தையே தாக்கும். அந்த நோயை ஆராயத்தான் இதைச் செய்கிறோம். முதலில் கூண்டு அட்டையைப் பாருங்கள். அதில் இருப்பது குட்டி பிறந்த நாளா, குட்டியை யாரோ பார்த்த நாளா? எங்கள் முதல் தொகுதி முழுக்க இதில்தான் போயிற்று. சனிக்கிழமை ஈன்ற சுண்டெலிக்குத் திங்களன்று "0" என்று எழுதியிருந்தார்கள். நம்பி வியாழக்கிழமை தைமஸை எடுத்தோம். உண்மையில் அன்று குட்டிக்கு 5 நாள். எட்டு வாரம் காத்திருந்து பார்த்தால் சூலகங்கள் பெரும்பாலும் நலமாக இருந்தன. வீணான உயிர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இரண்டு நாள் இவ்வளவு மாற்றுமா என்றால், மாற்றும். ஆய்வாளர்கள் நிஷிசுகாவும் சகாகுராவும் 1969-இல் காட்டியதே அதுதான்: 3-ஆம் நாள் எடுத்தால் சூலகம் சிதைகிறது, 7-ஆம் நாள் எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. சொந்தத் திசுவைத் தாக்கக்கூடிய டி செல்கள் (ஒருவகை நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) தைமஸிலிருந்து முன்பே வெளியேறிவிடுகின்றன. அவற்றை அடக்கும் டி-ரெக் செல்கள் ஏறக்குறைய 3-ஆம் நாளிலிருந்துதான் வெளியே தென்படத் தொடங்கும். அவை போதிய அளவு வந்து சேர்ந்தபின் தைமஸை எடுத்துப் பயனில்லை. ஆகவே பிரசவ வாரத்தில் காலை, மாலை இருவேளையும் கூண்டைப் பாருங்கள், ஞாயிறும் விலக்கல்ல.

நெறிமுறைக் குழுவிலிருந்து விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. பிறந்த குட்டிக்கு ஏன் பனிக்கட்டி மயக்கம் என்று விளக்கவில்லை என்பது ஒரு காரணம். மார்பைத் திறந்து தைமஸைத் தொடாமல் மூடும் ஒப்பீட்டுக் குழுவின் எண்ணிக்கையைச் சேர்க்காதது இன்னொன்று. இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இனத் தேர்விலும் கவனம் தேவை. சி57பிஎல்/6 என்ற ஆய்வக எலி இனம் எளிதில் நோயுறாது. பால்ப்/சி என்ற இனத்தில் இரைப்பை அழற்சியும் சூலக அழற்சியும் நன்றாகத் தெரியும்.

குட்டியை வெறும் பனிக்கட்டிமேல் வைத்தால் தோல் வெந்துவிடும். கையுறை விரலுக்குள் போட்டு வையுங்கள், அசைவு நிற்கச் சில நிமிடம் போதும். மார்பெலும்பின் மேல்பகுதியைத் திறந்தால் வெள்ளையாக இரண்டு மடல்கள் தெரியும். கண்ணாடிப் பிப்பெட்டால் ஒவ்வொன்றாக உறிஞ்சுங்கள். உறிஞ்சல் அதிகமானால் நாளம் கிழியும், நெஞ்சுக்குள் காற்று புகும். குறைந்தால் மடல் அறுந்து அடிநுனி தங்கிவிடும். அந்தத் துணுக்கு ஒன்றே முடிவைக் கெடுக்கும். கடைசியில் ஒவ்வொரு எலியின் மார்பையும் உருப்பெருக்கியில் தேடி, எச்சம் இருந்தால் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

தையல் சுலபம். அடுத்ததுதான் ஆபத்து: இரத்த வாடை இருந்தால் தாய் குட்டியைத் தின்றுவிடும். துடைத்து, இளஞ்சிவப்பு நிறம் திரும்பும்வரை சூடேற்றி, அதே கூட்டின் படுக்கைத் துகளில் புரட்டி, எல்லாக் குட்டிகளையும் சேர்த்தே விடுங்கள்.

இரண்டாம் தொகுதியில் சூலகங்கள் சுருங்கிக் கிடந்தன. வெட்டுத் துண்டுகளில் முட்டை வளரும் நுண்ணறைகளைத் தேட வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் கூண்டு அட்டையைப் படமெடுத்து மாதிரி எண்ணோடு சேர்த்து வைக்கிறோம்.