கசுலேவுக்கு ஆடை கட்டிய ஞாயிறு

இந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கசுலேதான். வெள்ளை பீன்ஸ், பன்றிக்கறி, வாத்துக்கால் எல்லாம் ஒரே மண்சட்டியில் மணிக்கணக்கில் ஓவனில் வேகும் சமையல் இது. தென்மேற்கு பிரான்சில் துலூஸ், கார்கசோன், காஸ்தெல்நோதாரி மூன்று ஊர்களும் இது எங்களுடையது என்று சண்டை போடும். கார்கசோனில் ஆட்டுக்கறி சேர்ப்பார்கள், சிலர் கௌதாரியும் போடுவார்கள். மாமியார் வீடு காஸ்தெல்நோதாரி பக்கம், அதனால் இங்கே பன்றியும் வாத்தும்தான், மேலே ரொட்டித்தூள் தூவுகிற பேச்சே கிடையாது. எனக்கும் அதுதான் சரி. தூள் போட்டால் மொறுமொறுப்பு சீக்கிரம் வரும், ஆனால் வாயில் ரொட்டிதான் தெரியும்.

வேகும்போது பாலாடை மாதிரி மேலே ஒரு ஆடை படியும். போன ஞாயிறு அது நான் நினைத்த மாதிரியே வந்துவிட்டது.

நாலு பேருக்கு 400 கிராம் லேங்கோ என்கிற வெள்ளை பீன்ஸ், திங்கள்கிழமைச் சந்தையில் வாங்கியது. ராத்திரி பூராவும் பச்சைத்தண்ணீரில் ஊறவேண்டும். காலையில் புதுத்தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். அப்புறம் பன்றித்தோல், எலும்பு, வெங்காயம், கேரட் போட்டுக் காய்ச்சி வடிகட்டிய சாற்றில், பூண்டும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் சேர்த்து அரைத்த விழுதோடு பீன்ஸை வேகவைப்பேன். நசுக்கினால் மசியவேண்டும், ஆனால் தோல் பிரியக்கூடாது. அந்தப் பதத்தில் இறக்கிவிடவேண்டும்.

சட்டிக்குக் கசோல் என்று பேர், கசுலே என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். அடி குறுகி வாய் அகன்றிருக்கும், மேற்பரப்பு பெரிதாக இருப்பதால்தான் ஆடை அவ்வளவு கிடைக்கிறது. அடியில் வெந்த பன்றித்தோல், மேலே கொஞ்சம் பீன்ஸ், அப்புறம் வறுத்த கறி, அதன் சொந்தக் கொழுப்பிலேயே மெதுவாக வெந்த வாத்துக்கால், மிச்ச பீன்ஸ். துலூஸ் சாசேஜைப் பாதி வெளியே தெரிகிற மாதிரி அமுக்கிவைத்து, பீன்ஸ் முங்குகிற அளவுக்குச் சாறு ஊற்றி, 150 டிகிரியில் ஓவனுக்குள்ளே தள்ளிவிடவேண்டும்.

கொஞ்ச நேரத்தில் தோலின் பசையும் பீன்ஸின் மாவும் கொழுப்பும் சேர்ந்து பாலாடை மாதிரி மேலே படியும், ஓரத்திலிருந்து பழுப்பாகி உள்ளே நகர்ந்து வரும். அதைக் கரண்டியின் முதுகால் அமுக்கி சாற்றுக்குள் இறக்கிவிட்டால் மறுபடி புதிதாகப் படியும். ஏழு தடவை உடைக்கவேண்டும் என்பது ஊர் வழக்கு. மாமியார் எண்ணுவதில்லை, நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார். கிளறவே கூடாது, பீன்ஸ் குழைந்து கூழாகிவிடும். மேலே காய்கிற மாதிரி இருந்தால் ஓரமாக ஒரு கரண்டிச் சாறு விடுவேன். இந்த முறை ஓவனை விட்டு அந்தண்டை இந்தண்டை போகவில்லை, அதற்குப் பலன் இருந்தது. கடைசியாகப் படிந்த ஆடை செம்பழுப்பில், தட்டினால் சத்தம் வருகிற மாதிரி இருந்தது, உடைத்தால் கீழே சாறு கெட்டியாகக் கொழகொழவென்று நின்றது.

சட்டியோடு மேஜைக்குப் போனது. சின்னவள் ஓரத்து ஆடை முழுக்கத் தனக்கு என்று பிடிவாதம், மாமனார் தன் பங்கை அவளுக்குக் கொடுத்துவிட்டு ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். மிச்சத்தை மறுநாள் மெதுவாகச் சூடு பண்ணினோம், முதல்நாளைவிட ருசி.

அடுத்து, வாத்துக்காலைக் கடையில் வாங்காமல் நானே உப்பில் ஊறவைத்துக் கொழுப்பில் வேகவைக்கப் போகிறேன். மார்ச் வரைக்கும் சந்தையில் நல்ல வாத்து கிடைக்கும், அதைப் போட்டுவைக்க ஜாடிகளைக் கழுவிக் காயவைத்தாயிற்று.