கையெழுத்துப் போட்டவர் பக்கத்திலேயே இருந்தார்

மூன்று நிமிடம்கூட இருக்காது அந்தப் பேச்சு. 2019 ஆனி மாதம். டீக்கடை பெஞ்சில் நானும் பெரியவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் வண்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, கண்மாய் வேலைக்கான எம்.புக், அதான் அளவுப் புத்தகம், நகல் உங்ககிட்ட இருக்காமே. ஒரு ஜெராக்ஸ் குடுங்க. திங்கக்கிழமையே ஆபீஸ் முன்னாடி ஆர்ப்பாட்டம் போட்டுருவோம்."

"இல்லண்ணே, நாங்க எந்தக் கட்சிக்கும் பேப்பர் குடுக்குறதில்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி நீங்களே மனுப் போடலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல."

அவர் கோபப்படவில்லை. "சட்டம் எனக்கும் தெரியும் தம்பி. தமிழ்நாட்டுல 1997லயே தகவல் சட்டம் வந்துச்சு. டெல்லியில 2005ல. ரெண்டையும் சபையில நிறைவேத்துனது கட்சிக்காரங்கதான்."

"சனங்க கேக்காம எந்தச் சட்டமும் வரலண்ணே. ராஜஸ்தான்ல பியாவர்ங்கிற ஊர்ல 1996ல தகவல் உரிமை கேட்டு நாப்பது நாள் ரோட்டுல உக்காந்தாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். ரோட்டுல உக்காரத்தான் பேப்பர் கேக்குறேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. "கொள்கைண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த எம்.புக்கில் சராசரி 90 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வண்டல் அள்ளியதாக எழுதி, கையெழுத்தும் சீலும் இருந்தன. கண்மாய்களைத் தூர்வாரும் அரசின் குடிமராமத்துத் திட்ட வேலை, விவசாயிகள் சங்கத்தின் பெயரில் நடந்தது. அந்தச் சங்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் செய்கிறவர்களுக்கே தெரியவில்லை. போய்க் கேட்க ஊராட்சித் தலைவரும் கிடையாது. 2016இல் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து தனி அலுவலர்தான். நாங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினோம். வெட்டும்போது அளவு தெரிவதற்காக நடுவில் சில இடங்களில் மண்ணை வெட்டாமல் திட்டாக விட்டிருப்பார்கள். கலுங்குப் பக்கம் அப்படி ஒன்று நின்றது. மேலே காய்ந்த கோரைப்புல், பக்கவாட்டில் ஜேசிபி பல் இழுத்த கோடு. அளந்தால் 35 சென்டிமீட்டர். பெரியவர் தன் கம்பை அதன் ஓரத்தில் ஊன்றி, மண் மட்டம் வந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டார். கரை ஏறி வீடு வரும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.

நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் வேறொரு ஊரில் ரோடு வேலைக் காகிதங்களை ஒரு கட்சிக்காரரிடம் கொடுத்திருந்தோம். இரண்டு நாள் சுவரொட்டி ஒட்டினார்கள். மூன்றாம் நாள் பேச்சே இல்லை. காண்டிராக்டர் வீட்டுக் காதுகுத்தில் அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்ததாக ஊர்க்காரர்கள் வந்து சொன்னபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. 2011இல் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்த சமயத்திலேயே எங்கள் அலுவலகத்தில் இந்த விவாதம் ஓடியது. அவரோடு இருந்தவர்களில் ஒரு பகுதியினர் 2012 நவம்பரில் கட்சி தொடங்கியபோது, கட்சி வேண்டாம் என்ற ஹசாரே பக்கம் நான் நின்றேன். அப்புறம் இன்னொன்று. 2013 ஜூனில் மத்திய தகவல் ஆணையம் ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் சட்டத்துக்குள் வரும் என்று உத்தரவு போட்டது. அவை அதற்குக் கட்டுப்படவில்லை. தங்கள் கணக்கைக் காட்டாதவர்கள் கையில் ஊர்க்கணக்கை எப்படிக் கொடுப்பது? இதை அன்று சொல்லியிருக்க வேண்டும். பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

சரி, கொடுக்காமல் என்ன சாதித்தேன்? பில் நகலும் கிடைத்தால் வழக்கு வலுவாக இருக்கும் என்று இன்னொரு மனுப் போட்டோம். முப்பது நாள் போனது. பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டோம். நாங்கள் கொடுத்த புகார் மனுவோ, யார் மேல் புகாரோ அவர்களிடமே விசாரணைக்குத் திரும்பி வந்தது. இரண்டாம் மேல்முறையீட்டை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் காலக்கெடு எதுவும் இல்லை. அதற்குள் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கண்மாயில் தண்ணீர் ஏறி அந்தத் திட்டு மூழ்கிவிட்டது. ஊரே கரையில் நின்று சந்தோஷமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் நின்றேன்.

அந்தச் செயலாளரும் விலைபோயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆர்ப்பாட்டம் நடந்திருந்தால் ஆனியிலேயே யாராவது அதிகாரி வந்து அளந்திருக்கலாம். பேரம் பேசி முடித்தும் இருக்கலாம். இரண்டில் எது நடந்திருக்கும் என்று ஐந்து வருடமாக யோசித்து அலுத்துவிட்டது. இப்போது உறுத்துவது வேறு. எம்.புக் நகல் கேட்ட அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர் பெரியவர். ஸ்டாம்பு அவர் காசில் வாங்கியது. தபால் அவர் பெயருக்கு வந்தது. பெஞ்சில் என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "குடுக்குறதில்ல" என்று நான் சொன்னபோது அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. செயலாளரும் அவரைக் கேட்கவில்லை. இரண்டு பேருமே அவர் தலைக்கு மேல்தான் பேசியிருக்கிறோம்.

ஒரு தடவை அவரிடம் கேட்டேன். "அன்னைக்குக் குடுத்திருக்கலாமாய்யா?"

"நீங்க படிச்சவுக. ஏதோ காரணம் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றார். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இல்லை.

போன மாசி மாதம் வாய்க்கால் வேலை பற்றி அவரே மனுப் போட்டார், பேரனை எழுதச் சொல்லி. பதில் வந்ததும் மஞ்சப்பையில் வைத்து என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். பார்த்தேன், நகல்தான் இருந்தது.

"ஒரிஜினல் வீட்டுல இருக்கு தம்பி. ரெண்டு ஜெராக்ஸ் போட்டேன். ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ண வர்ற வழியில அந்தச் செயலாளர் வீட்டுல குடுத்துட்டு வந்தேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "எம்புட்டு நாள்ல அளக்க வருவாக?" என்று கேட்டார்.