லோனில் வீடு வாங்கும் முன் சர்வேயரை வரவழைத்த கதை

வீட்டுக் கடன் வாங்கப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே மாதிரி தைரியம் சொன்னார்கள். "பேங்க்லயே வக்கீல் பார்ப்பாங்க, இன்ஜினியர் வந்து அளப்பாங்க, உனக்கு என்ன கவலை?" பார்ப்பார்கள்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு. எல்லை சரியா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பார்த்தது காட்பாடி தாலுகாவில், சேர்க்காடு போகும் வழியில் ஒரு பழைய வீடு. விற்றவர் ரிடையர்டு மிலிட்டரிக்காரர். எங்கள் பக்கம் அப்படி ஒருவர் இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். தாய்ப்பத்திரம் எண்பதுகளில் எழுதியது. மாவட்டம் 'வட ஆற்காடு' என்றே இருந்தது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, அப்புறம் பெயரும் மாறி வேலூர் ஆனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. மாவட்டப் பெயர் எத்தனை தடவை மாறினாலும் பரவாயில்லை. சர்வே எண் தொடர்ச்சியாக ஒத்துவருகிறதா என்பதைத்தான் வங்கி வக்கீல் பார்த்தார். கூடவே சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, கிராமத்து நில விவரம் எழுதிய அ-பதிவேடு எல்லாம் கேட்டார்.

பத்திரத்தில் சொத்து விவரம் இப்படி: கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 44 அடி, ஆக 1320 சதுர அடி. பட்டாவில் 1.23 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி சொச்சம். பெருக்கிப் பார்த்தால் 1320-க்கு மூன்று நான்கு அடி கூடுதலாக வரும். ஏர் கணக்கில் முழுமையாக்கும்போது இந்த வித்தியாசம் சகஜம். ஆக, காகிதத்தில் எல்லாம் சுத்தம்.

அப்புறம் வங்கி அனுப்பிய இன்ஜினியர் வந்தார். லேசர் மீட்டரை வைத்து அறைகளை அளந்தார், முன்பக்க அகலம் பார்த்தார், நான்கு திசையிலும் யார் யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், என்னை வாசலில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். பின்பக்கம் புதர் மண்டிக் கிடந்தது, அங்கே போகவில்லை. தப்பு சொல்ல மாட்டேன், அவர் வேலை மதிப்புப் போடுவது. 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. அந்த 'மதிப்பு' பெரும்பாலும் இவர் எழுதும் அறிக்கையிலிருந்துதான் வருகிறது. பத்திரச் செலவு அந்தக் கணக்கில் சேராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும் என்பதை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

பின்பக்கம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. கிழக்குப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை வேலியை ஒட்டி இல்லாமல் கொஞ்சம் உள்ளே வந்த மாதிரி தெரிந்தது. அரசு சர்வேயரைக் கூப்பிடலாம் என்றேன். இங்கே ஒரு சிக்கல்: நிலம் இன்னும் நம் பெயரில் இல்லை, பட்டாதாரர்தான் மனு போட வேண்டும். பட்டா விற்கிற பெரியவர் பெயரில்தான் இருந்தது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார். நம்பிக்கை இருக்கிறது சார், எல்லைக் கல்தான் இல்லை என்றேன். சிரித்துவிட்டார். கட்டணம் நான் கட்டுவது, அளந்து முடித்த பிறகே மீதி அட்வான்ஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.

மனுவை 'தமிழ்நிலம்' இணையதளத்தில் போடலாம். இ-சேவை மையத்திலும் போடலாம். 'எல்லை அளவு' என்று கேட்க வேண்டும். அதற்கு முன் பட்டாவில் தனி உட்பிரிவு எண், அதாவது சர்வே எண்ணுக்குள் அந்தத் துண்டுக்கென்று தனி எண், இருக்கிறதா என்று பாருங்கள். பலர் பெயர் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தால், சர்வே எண்ணுக்கான அளவு வரைபடமான புலப்படத்தில் உங்கள் மனைக்கென்று கோடே இருக்காது. எதை வைத்து அளப்பார்? அப்படியானால் முதலில் உட்பிரிவு செய்யச் சொல்லுங்கள். எங்களுக்கு உட்பிரிவு இருந்ததால் அந்த வேலை மிச்சம். அளக்கும் தேதி குறுஞ்செய்தியில் வந்தது, பக்கத்து வீட்டாருக்கும் நோட்டீஸ் போனது.

வெயில் ஏறும் முன்பே சர்வேயர் வந்துவிட்டார். நேராக எங்கள் மனைக்கு வருவார் என்று பார்த்தால், புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார். மூன்று சர்வே எண்கள் சேரும் இடத்தில் இருக்கும் முச்சந்திக்கல்லைத் தேடினார். ஏரி வாய்க்கால் கரையில், சீமைக்கருவேலத்துக்கு அடியில், கடப்பாரையால் கொத்தியதும் கல்லின் தலை தெரிந்தது. அங்கிருந்து இன்னொரு கல், அந்தக் கோட்டின்மேல் டேப்பை ஓட்டி, குறிப்பிட்ட தூரத்தில் செங்குத்தாகத் திரும்பி எங்கள் மூலைக்கு வந்தார். சுவரை வைத்து அளக்கவே இல்லை. இன்ஜினியர் அளந்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் விளங்கியது. சுவர் எங்கே நிற்கிறதோ அதைத்தான் அவர் அளந்தார். சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை இவர் அளக்கிறார்.

தென்புறம் சரியாக 30 அடி. வடபுறம் கொட்டகைச் சுவர் வரை 28½தான். ஒன்றரை அடி கூம்பிக்கொண்டு போனால் மொத்தம் 33 சதுர அடி. பெரிய நிலம் இல்லை. ஆனால் நாளைக்குப் பின்பக்கம் கழிப்பறையோ தண்ணீர்த் தொட்டியோ கட்டும்போது சண்டை அங்கேதான் வரும்.

பக்கத்து வீட்டம்மா, "இது எங்க மாமனார் காலத்துல கட்ன செவுரு சார், அப்பல்லாம் யாரு அளந்தாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். நான் வாயைத் திறக்கவில்லை. வாங்கப்போகிறவன் பேசினால் விஷயம் வேறு மாதிரி போகும். இத்தனை வருடம் பக்கத்தில் குடியிருந்த பெரியவரே பேசினார். "சரிக்கா, செவுர இடிக்கிற கூலி என்னுது, தள்ளிக் கட்றது உன்னுது" என்று அவர் சொன்னதில் முடிந்தது. எனக்கு ஆச்சரியம்: அளக்கவே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டவர், ஒன்றரை அடி போயிருக்கிறது என்று தெரிந்ததும் என்னைவிட வேகமாகிவிட்டார்.

கொட்டகை நகரும் வரை பதிவைத் தள்ளி வைத்தோம். கடன் அனுமதிக் கடிதத்துக்குக் கெடு உண்டு என்பதால் வங்கியில் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அளவு அறிக்கையும் வரைபடமும் இணையத்தில் ஏறியதும் இறக்கி, வக்கீலுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் பத்திர வரைவில் நான்கு எல்லைகளையும் அதை வைத்துத் திருத்தினார். தனி உட்பிரிவை முழுதாக வாங்கியதால் பதிவுக்குப் பிறகு பட்டா மாற்றத்துக்குத் தனியாக அலையவில்லை. மூலப் பத்திரங்கள் இப்போது வங்கியில். அளவு வரைபடத்தின் பிரதி மட்டும் வீட்டில் இருக்கிறது. காம்பவுண்டு கட்ட மேஸ்திரி வந்தபோது முதலில் கையில் கொடுத்தது அதைத்தான்.