வேரா ரூபினோடு இரண்டு வாரம்

9 நவம்பர் 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பதினொன்றாம் வகுப்பில் வசமாக மாட்டிக்கொண்டேன். ஈர்ப்பு விசைப் பாடத்தை முடிக்கும்போது நான் வழக்கமாகச் சொல்லும் வரி ஒன்று உண்டு: "கரும்பொருளைக் கண்டுபிடித்தவர் வேரா ரூபின் என்ற பெண் வானியலாளர்." (கரும்பொருள் என்றால் வெளிச்சம் தராமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்.) பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதற்காகவே பத்து வருடமாக அதைச் சொல்லி வருகிறேன். இந்த முறை கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், ஸ்விக்கின்னு ஒருத்தர் 1933லயே சொல்லிட்டாராமே?" என்றான். யூடியூப் உபயம். "பார்த்துச் சொல்றேன்" என்று தப்பித்தேன்.

பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். கோமா என்ற விண்மீன் திரள் கொத்தில் திரள்கள் ஓடும் வேகத்தை வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கணக்கிட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அதைக் கட்டிவைத்திருக்கப் போதாது, அவ்வளவு வேகம். ரூபின் அப்போது பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டார். 1939இல் ஹோரஸ் பாப்காக் என்பவர், நமக்குப் பக்கத்து விண்மீன் திரளான ஆண்ட்ரோமீடாவின் வெளிப்பகுதி எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதை எழுதியிருக்கிறார். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் ரூபின் செய்தது என்ன? பையனுக்குப் பதில் சொல்வதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

11 நவம்பர், செவ்வாய்

மழை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

ரூபின் 1928இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். பத்து வயதில் வாஷிங்டனுக்குக் குடிபோனபோது படுக்கையறை ஜன்னல் வழியாக நட்சத்திரம் பார்க்கும் பழக்கம் வந்திருக்கிறது. லினோலியம் விரிப்பு சுற்றி வரும் அட்டைக் குழாயை ஒரு கடையில் இலவசமாக வாங்கி, அப்பாவின் உதவியோடு அதைத் தொலைநோக்கியாக்கினாராம். படம் எடுத்தால் தெளிவாக வராது, வானம் நகர்ந்துகொண்டே இருக்குமே. ஒரு கல்லூரி நேர்காணலில், ஓவியமும் பிடிக்கும் என்றாரென்று, வானக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டும் வேலைக்குப் போகலாமே என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யாராவது எதையாவது சொதப்பினால் இந்தக் கேள்வியைச் சொல்லிச் சிரிப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கமாகிவிட்டது. எனக்கு இயற்பியல் சேர்க்கையின்போது "ஹோம் சயின்ஸ் எடுக்கலாமேம்மா" என்றவரை நினைத்துக்கொண்டேன். நான் அப்போது சிரிக்கவில்லை.

1950 டிசம்பரில் அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் முதல் உரை. வயது 22, கைக்குழந்தைக்குச் சில வாரம்தான். விண்மீன் திரள்களின் ஓட்டத்தில் பிரபஞ்ச விரிவைத் தவிர ஒட்டுமொத்தச் சுழற்சியும் தெரிகிறதா என்று 109 திரள்களை வைத்து ஆராய்ந்ததைச் சொன்னார். சபை ஏற்கவில்லை.

14 நவம்பர், வெள்ளி

குழந்தைகள் தினம் என்பதால் வகுப்பு இல்லை. நிறையப் படிக்க முடிந்தது.

இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவின் வழிகாட்டலில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1954. விண்மீன் திரள்கள் வானத்தில் சீராகத் தூவியதுபோல இல்லை, கும்பல் கும்பலாக இருக்கின்றன என்பது முடிவு. இன்று பாலபாடம், அன்று ஏறெடுத்துப் பார்த்தவர் குறைவு. வகுப்புகள் எல்லாம் மாலையில். ரூபினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் ராபர்ட் கொண்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை காரிலேயே உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டை முடிப்பார். குழந்தைகளைப் பாட்டி பார்த்துக்கொள்வார். இதை எங்கள் வீட்டில் சத்தமாகவே படித்துக் காட்டினேன்.

1965இல் கார்னகி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். கலிபோர்னியாவின் பலோமார் வானாய்வகத்தில் முறைப்படி அனுமதி பெற்று வானம் பார்த்த முதல் பெண்ணும் ஆனார். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காகிதத்தில் பாவாடை வெட்டி, கதவில் இருந்த ஆண் படத்தின் மேல் ஒட்டிவிட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. சக ஊழியர் கென்ட் ஃபோர்டுடன் முதலில் குவாசார்களைத்தான் (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் திரள் மையங்கள்) ஆராய்ந்தார். அப்போது அதுதான் பரபரப்பான துறை. "அந்த அளவு வந்ததா, இந்த அளவு வந்ததா" என்று ஆளாளுக்குப் போன். உறுதியாகாத எண்ணைச் சொல்ல அவருக்கு மனமில்லை, ஓட்டப்பந்தயமும் பிடிக்கவில்லை. நாம் வேலை முடிக்கும்வரை யாரும் கவலைப்படாத விஷயமாக ஒன்றை எடுப்போம் என்று ஒதுங்கி, ஆண்ட்ரோமீடா எப்படிச் சுழல்கிறது என்று பார்க்கப் போனார்.

16 நவம்பர், ஞாயிறு

ஒதுங்கிப் போன இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பையனுக்காக இப்படி எழுதி வைத்திருக்கிறேன்.

சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர், பூமி 30, நெப்டியூன் 5.4. தூரம் போகப் போக வேகம் குறையும், ஏனென்றால் எடை பெரும்பாலும் நடுவில் இருக்கிறது. குடைராட்டினத்தில் இதற்கு நேர்மாறு, வெளிக்குதிரைக்குத்தான் வேகம் அதிகம். ஆண்ட்ரோமீடாவின் வெளிச்சமும் நடுவில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே ஓரத்தில் நெப்டியூன் கதை நடக்க வேண்டும்.

ஃபோர்டு செய்த பிம்பக்குழாய் நிறமாலைமானி (ஒளியை நிறங்களாகப் பிரித்து, அதிலிருந்து வேகத்தை அறிய உதவும் கருவி), வெறும் புகைப்படத் தட்டில் பதிப்பதைவிடப் பத்து மடங்கு விரைவாக நிறமாலையைப் பதியவைத்தது. ஆண்ட்ரோமீடாவில் ஒளிரும் 67 வாயுப் பகுதிகளை ஒவ்வொன்றாக அளந்து 1970இல் வெளியிட்டார்கள். வேகம் குறையவில்லை. ராட்டினம்போல ஏறவும் இல்லை. கிட்டத்தட்டக் கிடைக்கோடு. அப்படியென்றால் இரண்டு மடங்கு தூரம் போனால் அதற்குள் இரண்டு மடங்கு எடை இருக்க வேண்டும். வெளிச்சம் இல்லாத எடை.

ஒரு திரள் விதிவிலக்காக இருக்கலாம் என்று யாரும் சொல்லலாம் அல்லவா? 1980இல் நார்பர்ட் தொன்னார்டும் சேர்ந்து, சிறியதும் பெரியதுமாக 21 சுருள் திரள்களை வெளியிட்டார்கள். எல்லாம் அதே கதை. அதற்குள் ஆல்பர்ட் பாஸ்மா என்ற வானியலாளர் ரேடியோ அலையில் ஹைட்ரஜனை அளந்து, வெளிச்சம் முடிந்த இடத்துக்கும் அப்பால் அதையேதான் கண்டிருந்தார். ஆஸ்ட்ரைக்கர், பீபிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இலேயே கணக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியாத எடை சுற்றிலும் சூழ்ந்திருக்காவிட்டால் திரள்களின் இந்தத் தட்டு வடிவம் நிலைக்காது என்றிருந்தார்கள்.

ஆக, "கண்டுபிடித்தவர்" என்பது தவறான சொல். சந்தேகப்பட இடமில்லாமல் செய்தவர்களில் முன்னணியில் நின்றவர். கரும்பலகையில் எழுத இது நீளம்தான், பரவாயில்லை.

20 நவம்பர், வியாழன்

அமாவாசை, ஆனால் மேகம்.

அவருக்கு அறுபது வயதுக்குமேல் கிடைத்த ஒன்று, இந்த இரண்டு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. கன்னி என்ற திரள் கொத்தில் என்ஜிசி 4550 என்ற திரள். ஒரே தட்டு. அதில் பாதி நட்சத்திரங்கள் வலஞ்சுழியாகவும் பாதி இடஞ்சுழியாகவும் போகின்றன. 1992இல் வெளியிட்டார். நட்சத்திரங்களுக்கு நடுவே இடைவெளி அவ்வளவு அதிகம் என்பதால் மோதல் இல்லை. ஏற்கனவே சுழன்றுகொண்டிருந்த திரளுக்குள் எதிர்த்திசையில் வாயுவோ இன்னொரு திரளோ வந்து விழுந்திருக்க வேண்டும். திரள்கள் பிறந்தபடியே இருப்பதில்லை, விழுங்கி வளர்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. பாடப்புத்தகத்தில் ஏன் இல்லையோ!

21 நவம்பர், வெள்ளி

சூரியக் குடும்பம், ராட்டினம், ஆண்ட்ரோமீடா என மூன்றின் வேகக் கோடுகளையும் வரைந்து காட்டி, பத்து வருடத் தவறை ஒப்புக்கொண்டேன். பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் ரூபினே ஒருமுறை சொன்னதைச் சொன்னேன்: தன் விருப்பத்தைக் கேட்டால், புது வகைத் துகளைவிட, பெருந்தொலைவில் நியூட்டன் விதியைத் திருத்த வேண்டும் என்ற முடிவே தனக்குப் பிடிக்கும் என்று.

"அப்போ கரும்பொருளே இல்லாமக்கூட இருக்கலாமா மிஸ்?"

பெரும்பாலானோர் இருக்கிறது என்றே நினைக்கிறார்கள் என்றேன். மணி அடித்தது.

22 நவம்பர், சனி

இரவு ஒன்பதுக்கு மேகம் விலகியது. பைனாகுலரோடு மொட்டை மாடிக்கு ஓடினேன். வடக்கே, பாதி வானத்துக்கும் மேலே, சாம்பல் அப்பியதுபோல ஆண்ட்ரோமீடா. 25 லட்சம் ஒளியாண்டு. கணவரிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "இந்தத் திட்டுக்குத்தானா இரண்டு வாரம்?" என்றார்.

இது நடுப்பகுதி மட்டும்தான், அந்த அம்மா அளந்தது இதற்கு வெளியே, நமக்குத் தெரியாது என்றேன். மறுபடி வாங்கி, திட்டுக்குப் பக்கத்தில் இருந்த இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.