கழுத்தில் கருவி வைக்கக் கேட்டுப் போனேன்

தினமும் மூன்று மாத்திரைகள், அதில் ஒன்று நீர் இறக்கும் மாத்திரை. அப்படியும் என் ரத்த அழுத்தம் 170-ஐ விட்டு அசையவில்லை. வழக்கமாகப் போகும் கிளினிக்கில் உப்பைக் குறையுங்கள் என்றார்கள். குறைத்துக் குறைத்து வீட்டு மீன் குழம்பு வெந்நீராகிவிட்டது.

கழுத்து நரம்பைத் தூண்டும் கருவியைப் பற்றி எங்கோ படித்து, அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவிலுள்ள இதய நிபுணரிடம் போனேன்.

அவர் தாளைப் பார்த்துவிட்டு என் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் தமனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு இருக்கிறது, அண்ணே. கருவி அதைத் தூண்டினால், அழுத்தம் ஏறிவிட்டது என்று மூளை ஏமாந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தும்." அமெரிக்காவில் 2019-இல் அதற்கு அனுமதி கிடைத்தது இதயச் செயலிழப்புக்காம், ரத்த அழுத்தத்துக்கு இல்லையாம். அழுத்தத்தை இறக்கச் சிறுநீரக நரம்பைச் சுடும் இன்னொரு சிகிச்சையைப் பற்றியும் சொன்னார். 2014-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், பொய்ச் சிகிச்சை (செய்வதுபோல் பாவனை மட்டும்) பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருந்தது. பிந்தைய ஆய்வுகள் பரவாயில்லை என்று 2023-இல் அங்கே அனுமதித்தார்கள். ஆனால் இறங்குவது கொஞ்சம்தான், மாத்திரையும் தொடர வேண்டும்.

பிறகு, "ஒரு வேளையும் விடாமல் சாப்பிடுகிறீர்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆமாம் என்றேன். பக்கத்திலிருந்த மனைவி என்னையே பார்த்தாள். பிறையிலுள்ள தொழிற்சாலையில் இரவு வேலை வரும் வாரங்களில் நீர் மாத்திரையை விட்டுவிடுவேன். அரை மணிக்கொரு முறை கழிப்பறைக்கு ஓடினால் இயந்திரத்தை யார் பார்ப்பது? சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அந்த மாத்திரையை விழித்தெழும் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் 160. அதற்குப் பிறகுதான் கையில் 24 மணி நேரக் கருவி கட்டினார்கள். தூக்கத்திலும் அது புஸ்ஸென்று ஊதி இறுக்கும். நானும் மனைவியும் அன்று தூங்கவில்லை. இரவிலும் அழுத்தம் இறங்கவில்லை என்றது அறிக்கை. ரத்தப் பரிசோதனையில் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதிகம், அதைத் தூண்டும் ரெனின் குறைவு. சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பிகள் அல்டோஸ்டிரோனை அளவுக்கு மேல் சுரந்து உப்பை விடாமல் உடம்பில் பிடித்து வைத்திருக்கின்றன. ஸ்கேன், இன்னும் சில சோதனைகள். இரண்டு பக்கமும் சுரப்பதால் அறுவை சரிவராது என்றார்கள்.

அந்த ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சேர்த்து மூன்று மாதம் ஆகிறது, இப்போது 138. பொட்டாசியம் ஏறுகிறதா என்று அவ்வப்போது ரத்தம் எடுக்கிறார்கள். ஒரே தொல்லை, மார்பகம் வலிக்கிறது. ஆண்களுக்கு இந்த மாத்திரையால் அப்படி வரும், தாங்க முடியாவிட்டால் எப்ளெரெனோனுக்கு மாற்றலாம் என்றிருந்தார். அடுத்த மாதம் போகும்போது வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.