பொறுக்கும் சூடு

என் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். காலையில் எழுந்ததும் சிறிது நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். மார்கழிப் பனியில் அந்த நேரம் இன்னும் நீளும். வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்க வயிறு இடம் கொடுக்காததால், ஒத்தடத்தையே அவர் பெரிதும் நம்பியிருக்கிறார். ஆறு ஆண்டுகளாக அதைக் கொடுத்துவருபவன் என்ற முறையில், நான் கற்றுக்கொண்டதையும் தவறவிட்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீட்டில் உப்பு ஒத்தடம்தான். இரும்புச் சட்டியில் இரண்டு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு வறுக்கும்போது முதலில் ஒன்றும் தெரியாது. சற்று நேரத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் அடங்கிவரும்போது இறக்கி, பழைய பருத்தி வேட்டித் துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டவேண்டும். கட்டிய உடனே காலில் வைக்க அம்மா ஒருபோதும் விடமாட்டார். மூட்டையை வாங்கித் தம் முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்ப்பார். அங்கே பொறுத்தால்தான் முழங்காலுக்கு. முதலில் தொட்டுத் தொட்டு எடுப்பதும், சூடு தணியத் தணிய அழுத்திப் பிடிப்பதுமாக, பதினைந்து இருபது நிமிடங்களில் முடித்துவிடுவோம். நொச்சி இலை கிடைக்கும் நாளில் அதையும் வதக்கிச் சேர்த்துக்கொள்வதுண்டு.

சூடு படும் இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இறுகிக் கிடந்த தசை தளர்கிறது, மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் சற்று நெகிழ்ந்து கொடுக்கின்றன. ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பை எந்த ஒத்தடமும் வளர்த்துவிடாது. வலி குறைந்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு, ஒத்தடம் முடிந்த கையோடு அம்மா நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குகிறார். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொடைத் தசை வலுப்பட்டதால்தான் மாடிப்படி ஏறுவது எளிதாகியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சூடு எந்த அளவில் சுடத் தொடங்குகிறது என்பதற்கு நம் நரம்பு முனைகளிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அங்குள்ள ஒரு புரதம் தூண்டப்பட்டு, வலியாக எச்சரிக்கிறது. மிளகாயின் காரத்தை எரிச்சலாக உணரச் செய்வதும் இதே புரதம்தான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வலித்தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் வைக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எரிச்சல் பல மடங்காகும், தோலும் புண்ணாகலாம்.

அந்த எச்சரிக்கை மணி அடிக்காத கால்களும் இருக்கின்றன. என் அப்பாவுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை நோய். ஓர் இரவு பாதம் குடைகிறது என்றார். வெந்நீர்ப் பையை வைத்தேன். "சூடே தெரியலையேப்பா" என்றார். நானும் யோசிக்காமல், இன்னும் சூடான நீரை நிரப்பிக்கொண்டுவந்து வைத்தேன். மறுநாள் காலை குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அது ஆற இரண்டு மாதங்களாயின. அவர் சொன்னது நீரின் சூட்டைப் பற்றியல்ல, உணர்விழந்த தம் பாதத்தைப் பற்றி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மிதமான சூடும் நேரம் நீண்டால் தோலை வேகவைக்கும்; 44 டிகிரி கூட ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தீப்புண் உண்டாக்கக்கூடியது. எனவே மின்சார ஒத்தடப் பட்டையைக் கட்டிக்கொண்டு உறங்கவே கூடாது. புதிதாகச் சுளுக்கிய காலுக்கு முதல் இரண்டு நாள்கள் சூடு வேண்டாம்; வீக்கம் கூடிவிடும். மூட்டு சிவந்து, வீங்கி, தானே கொதிக்கும்போதும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிக்கும்போதும் ஒத்தடத்தைத் தேடாமல் மருத்துவரிடம் போகவேண்டும். பின்னது உள்ளே இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இப்போது அப்பாவின் பாதங்களுக்கு ஒத்தடம் கிடையாது. குளிர் நாள்களில் பருத்திக் காலுறை மட்டும். தோள்பட்டை பிடித்துக்கொண்டால் உப்பு மூட்டை கட்டுகிறேன். அதுவும் அம்மாவின் முழங்கையைத் தொட்ட பிறகே அவரிடம் போகிறது.